வானத்தில் விமானம், காலில் ரப்பர் செருப்பு: பழங்காலப் போர்ப் படங்களில் தவறுகள் எப்படித் தங்கிவிடுகின்றன?

காட்பாடியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிரேக்கக் காவியத்தில் வரும் ட்ராய் நகரப் போரைக் காட்டும் ட்ராய் என்ற ஹாலிவுட் படத்தை மறுபடியும் பார்த்தாராம். வானத்தில் விமானம் போகிறது, நகரச் சந்தையில் லாமா என்ற விலங்கு நிற்கிறது, இறந்தவன் கண்மேல் காசு வைக்கிறார்கள். இவ்வளவு பணம், இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூடவா கவனிக்கவில்லை என்பது முதல் கேள்வி. வேலூர்ப் பக்கத்தில் நண்பர்களோடு ஒரு பழங்காலப் போர்க் குறும்படம் எடுக்கப் போகிறோம், எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. தவறு நடக்கிற நேரத்தில் அங்கே நிற்பவர்கள் கண்ணுக்கு அது ஏன் தெரிவதில்லை, தெரிந்தாலும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் யார் என்று சொல்லிவிட்டால் என் பதிலை எடைபோட உங்களுக்கு வசதியாக இருக்கும். ராணிப்பேட்டையில் தோல் தொழில் கற்றவன். பல வருடங்களாகச் சினிமாவுக்கும் டிவி தொடர்களுக்கும் மார்புக் கவசம், கைக்காப்பு, வாள் உறை, செருப்பு செய்து கொடுக்கிறேன். போர்க் காட்சி எடுக்கும் நாட்களில் அறுந்த வாரைத் தைக்க ஊசியும் நூலுமாக ஸ்பாட்டிலேயே நிற்பேன். உடை, தோல், கூட்டம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். கேமராவும் எடிட்டிங்கும் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவை, என் கை வேலை கிடையாது.

நீங்கள் பார்த்த மூன்றும் மூன்று வகைத் தவறுகள். விமானம் விபத்து. ட்ராய் 2004இல் வந்தது. மால்டாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கடற்கரையிலும் பெரும்பகுதி எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் விமானப் போக்குவரத்து உண்டு. மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு சர்வதேச விமான நிலையம். அங்கே கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் வானம் நம் கையில் இல்லை. லாமா அப்படி வந்ததில்லை. அது தென் அமெரிக்க மலைநாட்டு விலங்கு. கொலம்பஸ் அமெரிக்கா போவதற்கு முன்னால் ஐரோப்பா, ஆசியாப் பக்கத்து மனிதர் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. அதை ஒருவர் ஏற்பாடு செய்து, ஒருவர் ஓட்டி வந்து, இன்னொருவர் இடம் காட்டி நிறுத்தியிருக்கிறார். பல கை மாறி வந்த தவறு அது.

காசு இன்னும் ஆழத்திலிருந்து வருகிறது. கிரேக்க மரபு ட்ராய் விழுந்த வருடமாகச் சொல்வது கி.மு. 1184. உலகின் முதல் நாணயங்கள் என்று நாம் அறிந்தவை இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த லிடியாவில், கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அடிக்கப்பட்டவை. நடுவே சுமார் ஐந்நூறு வருடம். இறந்தவருக்குக் காசு வைக்கும் வழக்கம் கிரேக்கர்களிடம் பிற்காலத்தில் இருந்தது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் வாயில் வைத்தார்கள். ட்ராய்ப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில், போரில் இறந்த பெட்ரோக்லஸ், ஹெக்டர் என்ற வீரர்களுக்கு நடக்கும் தகனம் விரிவாகவே வருகிறது. காசு எங்கேயும் இல்லை. ஆகவே இது தாளில் எழுதும்போதே நடந்த முடிவு. படப்பிடிப்பில் ஆயிரம் கண் பார்த்தாலும் பிடிபடாது, ஏனென்றால் அங்கே இருப்பவர்களுக்கு அது தவறே இல்லை. சீன் பேப்பரில் இருக்கிறது, எடுக்கிறார்கள்.

தவறு என்று சுற்றிவரும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. 1959இல் வந்த பென்-ஹர் படத்தின் தேர்ப் பந்தயத்தில் ஒருவர் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் அதை மறுத்திருக்கிறார். அவர் கட்டியிருந்தது முழங்கை வரை வரும் தோல் காப்பு. தோல்காரனாக எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கைக்காப்பில் ஒரு வார், ஒரு பக்கிள், அதில் வெயில் பட்டு ஒரு மின்னல், இவ்வளவு போதும், வேகமாக ஓடும் காட்சியில் கடிகாரமாகவே தெரியும். இதற்கு நேர்மாறாக, 2000இல் வந்த கிளாடியேட்டர் படத்தில் அரங்கச் சண்டையில் ஒரு தேர் கவிழும்போது பின்னால் எரிவாயு சிலிண்டர் தெரிகிறது. அதில் சந்தேகமே வேண்டாம், நிறுத்திப் பார்த்தால் நன்றாகவே தெரியும். வண்டியைக் கவிழ்க்க அழுத்தக் காற்றுக் கருவி வைப்பது சண்டைக் காட்சிகளில் சாதாரண விஷயம். மூடியிருக்கும் துணி விலகிவிட்டால் முடிந்தது கதை. இன்னொரு வகையும் உண்டு. பழைய படங்கள் பலவற்றில் பிலிமில் பதிவானது தியேட்டரில் காட்டிய ஃப்ரேமைவிட உயரமானது. மேலும் கீழும் மறைத்துத்தான் திரையிட்டார்கள். அதையே டிவிக்காகத் திறந்து கொடுத்தபோது மேலே தொங்கிய மைக் தெரிந்தது, கீழே கேமரா ஓடும் தண்டவாளம் தெரிந்தது. தியேட்டரில் பார்த்தவருக்கு அந்தத் தவறு கிடையாது. எனவே ஒரு தவறைக் கண்டால் எந்தப் பிரதியில் கண்டோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்பாட்டில் ஏன் தெரிவதில்லை? எல்லோருக்கும் ஆளுக்கொரு இடம் பார்க்கச் சொல்லியிருக்கும். கேமராமேன் வெளிச்சத்தைப் பார்ப்பார், ஃபைட் மாஸ்டர் வாள் யார் மூக்கில் படப்போகிறது என்று பார்ப்பார், உதவி இயக்குநர் முன்வரிசையைப் பார்ப்பார், மேக்கப்காரர் நெற்றி ரத்தத்தைப் பார்ப்பார். நான் வாரைப் பார்ப்பேன். கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார் என்று யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பக்கத்துப் படப்பிடிப்பில் தவறு பிறக்கும் இடமே அந்தக் கடைசி வரிசைதான். மே மாதம் பாலாற்று மணலில் ஒரு போர்க் காட்சி என்று வையுங்கள். வெயில் 40 டிகிரிக்கு மேல். மணல் காலைச் சுடுகிறது, நடுநடுவே வேலிக்காத்தான் முள். முன்வரிசைக்குத் தோல் செருப்பு, நடுவரிசைக்கு ரெக்சின், பின்வரிசைக்கு எதுவும் இல்லை, பட்ஜெட் அவ்வளவுதான். அந்த ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்ன செய்வார்? வீட்டிலிருந்து போட்டுவந்த நீலவார் ஹவாய் செருப்போடு ஓடுவார். ஓடத்தான் வேண்டும், கால் அவருடையது. அது ஒரு ஷாட்டில் விழுந்துவிட்டால் படம் பார்ப்பவர்கள் அலட்சியம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் அது அலட்சியம் இல்லை, பின்வரிசைக்குச் செருப்பு கொடுக்காததன் விளைவு. கொடுத்திருந்தால் தவறும் இல்லை, ஒரு மனிதனின் கால் புண்ணாவதும் இல்லை. தயாரிப்பு அலுவலகத்தில் இதை நான் எப்போதும் வற்புறுத்துவேன்.

உடம்பும் காட்டிக்கொடுக்கும். வெற்று மார்போடு நிற்கும் வீரர்களில் பாதிப் பேருக்கு பனியன் போட்ட இடம் வெளுத்தும் மற்ற இடம் கறுத்தும் இருக்கும். இடது கை மேற்பகுதியில் பிறந்தவுடன் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசித் தழும்பு இருக்கும். உலகின் முதல் தடுப்பூசியே 1796இல் அம்மைக்கு வந்தது. அதற்கு முன் நடக்கும் எந்தப் போரிலும் அந்தத் தழும்புக்கு வேலையில்லை. மோதிரம் கழற்றிய விரலில் வெள்ளை வளையம், கையில் பச்சை குத்திய பெயர், இடுப்பில் சிவப்பு அரைஞாண் கயிறு. இவற்றில் அரைஞாணைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது எந்தக் காலத்துத் தமிழனுக்கும் பொருந்தும். மற்றதற்கெல்லாம் புழுதியும் எண்ணெயும் கலந்து பூசினால் போதும். முந்நூறு பேருக்குப் பூச விடியற்காலை நேரம் போதாமல்தான் விட்டுப்போகிறது.

இனி என் தொழில். உங்கள் கேள்விக்கு உள்ளேயிருந்து நான் சொல்லக்கூடியது இதுதான். தோல் இரண்டு விதமாகப் பதனிடப்படுகிறது. பழைய முறையில் மரப்பட்டை. நம் பக்கத்தில் காலம்காலமாக ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இப்போது ஆவாரத்துக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டை. மற்றது குரோம் உப்பு, அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. இன்று ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஓடுவதில் பெரும்பங்கு குரோம்தான். குரோம் தோல் முதலில் நீலமாக இருக்கும், வெட் ப்ளூ என்போம். மேலே எந்தச் சாயம் போட்டாலும் சில சமயம் நடுவில் அந்த நீலச்சாம்பல் தங்கிவிடும். கத்தியால் வெட்டிய ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள்: மேலே பழுப்பு, கீழே பழுப்பு, நடுவே நூல் அகலத்துக்கு ஒரு நீலக் கோடு. போர்க் காட்சியில் வாள் பட்டு மார்புக் கவசம் கிழிவதை குளோசப்பில் எடுத்தால், மூவாயிரம் வருடப் பழைய வீரன் மார்பில் அந்த நீலம் தெரியும். பட்டைத் தோல் வெட்டினால் உள்ளே வரை ஒரே பழுப்பு. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பட்டைத் தோல் வெயிலிலும் வியர்வையிலும் கை படப்படவும் நாளுக்கு நாள் கறுக்கும். படத்தைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. கடைசிப் போரை முதல் ஷெட்யூலிலும் முதல் போரைக் கடைசி ஷெட்யூலிலும் எடுப்பார்கள். அப்புறம் சேர்த்துப் பார்த்தால் முதல் போரில் கரும்பழுப்பாக இருந்த கவசம் கடைசிப் போரில் இளம்பழுப்பாகிவிடும். இதைத் தடுக்க ஒரே கவசத்தை மூன்று நிறத்தில் முன்கூட்டியே செய்து, எந்த சீனுக்கு எது என்று உள்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். பணம் இருக்கும் யூனிட் அப்படிச் செய்கிறது. மற்ற இடத்தில் எண்ணெய்த் துணியோடு நான் சமாளிக்கிறேன்.

இதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாலும், எடிட்டிங் மேஜையில் ஒரு கேள்விதான் முன்னால் நிற்கும்: எந்த டேக்கில் நடிப்பு உயிரோடு இருக்கிறது? நாலாவது டேக்கில் நடிகர் கண் கலங்கியது உண்மையாக இருக்கிறது, ஆனால் பின்னால் ஒருவன் வாளை இடது கைக்கு மாற்றிவிட்டான். ஆறாவது டேக்கில் எல்லாம் சரி, கண்ணில் மட்டும் எதுவும் இல்லை. எந்த எடிட்டரும் நாலாவதைத்தான் எடுப்பார். எடுக்கவும் வேண்டும். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது பார்ப்பவர் கண் முகத்தில்தான் இருக்கும் என்பது அவர்கள் அனுபவம். நீங்கள் பார்த்த தவறுகளில் கணிசமானவை கவனித்தும் விடப்பட்டவையாக இருக்கும் என்று நான் நினைப்பது இதனால்தான். குறிப்பாக அந்த விமானத்தை வைத்து இதைச் சாதிக்க மாட்டேன். பொதுவாக எடிட்டிங் அறையில் நடப்பதைச் சொல்கிறேன். இப்போது வீட்டில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்க்கிறோம். அந்தப் பார்வையை நினைத்து 2004இல் யாரும் வெட்டவில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறு வகை. யாரும் நிறுத்திப் பார்க்காத, யாரும் பட்டியல் போடாத தவறு. பல்லவர் காலம், சோழர் காலம் என்று சொல்லி வரும் ஆர்டர்களில் கேட்கப்படுவது ரோமானிய மார்புக் கவசம். வயிற்றுத் தசை வடிவம் அடித்தது, தோளில் வார் தொங்குவது. மேல்நாட்டுப் படங்களைப் பார்த்து மனதில் பதிந்த படம் அது. நம் வீரர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போகவே வேண்டாம். பழைய வடாற்காட்டுச் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. ஊர் மாட்டை மீட்கப்போய் விழுந்தவர்களுக்கு ஊரார் நட்ட கல். கொண்டை முடிந்த தலை, இடுப்பில் கட்டிய துணி, அதில் செருகிய குறுவாள், ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு. மார்பு வெறும் மார்பு. அரசர்களும் படைத்தலைவர்களும் போரில் என்ன அணிந்தார்கள் என்பது தனிக் கேள்வி. தோலும் துணியும் மண்ணில் நிலைக்காது, ஆதாரம் குறைவு, அங்கே கற்பனைக்கு இடம் உண்டு. சாதாரண வீரன் விஷயத்தில் கல்லே சாட்சி. ட்ராய்க்கும் இதே கதைதான். கிரேக்கத்தில் டெண்ட்ரா என்ற இடத்தில் 1960இல் கிடைத்த முழு வெண்கலக் கவசம் ட்ராய்க்கும் முந்தியது. காட்டுப்பன்றிக் கொம்பைப் பதித்த தலைக்கவசத்தை ஹோமர் வர்ணிக்கிறார், அதே போன்றது மைசீனிய என்ற பழைய கிரேக்க நாகரிகத்தின் கல்லறைகளிலும் கிடைத்திருக்கிறது. இவை உறுதி. ஏஜாக்ஸ் என்ற கிரேக்க வீரனின் கேடயம் ஏழு காளைத்தோல் அடுக்கு, மேலே எட்டாவதாக வெண்கலம், செய்தவன் டிகியஸ் என்ற தோல்காரன் என்றும் அவர் சொல்கிறார். எனக்கு மிகப் பிடித்த வரி அது, ஆனால் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குச் சில நூற்றாண்டு கழித்து உருவான காவியம்; பல காலத்து ஆயுதங்கள் அதில் கலந்து கிடக்கின்றன. அப்படி ஒரு போர் நடந்ததா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. எனவே ட்ராய் படத்தில் ஒரு கேடயம் தவறு என்று அடித்துச் சொல்வதைவிட, காசு தவறு என்று சொல்வது எளிது.

இப்போது கம்ப்யூட்டரில் அழித்துவிட முடியாதா என்றால், முடியும். 2019இல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில் மேஜைமேல் மறந்து வைத்த காபி கப்பை ஒளிபரப்பான ஓரிரு நாளிலேயே இணையப் பிரதியிலிருந்து அழித்தார்கள். வெறும் வானத்தில் போகும் விமானத்தை அழிப்பது சிஜியில் சின்ன வேலை என்று அந்த வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். புழுதிக்கு நடுவே ஓடும் செருப்பை அழிப்பது அப்படியில்லை. முதலில் யாராவது பார்த்தால்தானே அழிக்க முடியும்?

இனி உங்கள் குறும்படம், தம்பி. வேலூர்க் கோட்டையில் எடுப்பதாக இருந்தால் முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். கோட்டை பதினாறாம் நூற்றாண்டு, விஜயநகரக் காலத்தது. பல்லவர் கதைக்கு அது ஆகாது. உள்ளே 1846இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது, வேறு வெள்ளைக்காரன் காலக் கட்டடங்களும் உண்டு, கோணம் பார்த்து வையுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். பாலாற்றில் எடுத்தால் வேலிக்காத்தான் இல்லாத இடமாகத் தேட வேண்டும். அந்தச் செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இங்கே வந்தது. காகிதப்பூவும் தைலமரமும் அப்படியே வெளியிலிருந்து வந்தவை. பனை, புங்கை, ஆவாரம் பின்னால் இருந்தால் கவலையில்லை. சந்தைக் காட்சி வைத்தால் மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றையும் எடுத்துவிடுங்கள், மூன்றும் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகு வந்தவை. குன்றுகளின் உச்சியைப் பார்க்காமல் ஷாட் வைக்காதீர்கள், பல குன்றுகளில் செல்போன் டவர் நிற்கிறது. உங்களில் ஒருவரை, நடிக்காதவரை, கடைசி வரிசையை மட்டும் பார்க்க நிறுத்துங்கள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் எல்லோரையும் அப்படியே நிற்கவைத்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தக் கையில் வாள், எந்தத் தோளில் ரத்தம் என்பது அதில் இருக்கும்.

கவசம் செய்யவே வேண்டாம், துணி போதும். வாள் உறைக்கும் வில்லின் கைப்பிடிக்கும் செருப்புக்கும் தோல் வேண்டும். ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ வெட்டி மிஞ்சிய துண்டு எடை போட்டு விற்பவர்களிடம் பட்டைத் தோல் என்று கேட்டு வாங்குங்கள், ஓரத்தை வெட்டிப் பார்த்து வாங்குங்கள். குரோம்தான் கிடைத்தது என்றால் வெட்டிய ஓரத்தில் பழுப்புச் சாயம் இரண்டு தடவை தடவி, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு கட்டினால் வேட்டியில் இறங்கிவிடும், அந்தக் கறை அடுத்த ஷாட்டில் இருக்காது.